பனிமூட்டத்தின் விசா போட்டோ

ஸ்ரீரங்கத்தில் யாருக்குமே வயதாவதில்லை என்று வெளியூர்க்காரர் எவராவது நம்பிக்கொண்டிருந்தால், அதற்குப் பொறுப்பு ஒரே ஒரு மனிதர்தான். சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். போர்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அவர் 'பனிமூட்டம்'.

அவர் கையில் சிக்கிய முகம் எதுவும் தெளிவாக வெளியே வந்ததில்லை. கம்ப்யூட்டரில் ஒரு படத்தின் மேல் அதே படத்தை இன்னொரு முறை வைப்பார். மேலே இருப்பதை மட்டும் நன்றாகக் கலங்கடிப்பார். பிறகு அதைப் பாதி மங்கவிட்டு, கண்ணும் உதடும் இருக்கும் இடத்தில் மட்டும் கலங்கலைத் துடைத்தெடுப்பார். கொஞ்சம் வெளிச்சம் தூவுவார். அவ்வளவுதான். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைக்குச் சண்டை போட்டுவிட்டு நேரே வந்தவர்கூட யாரோ விடிகாலைக் கனவில் கண்ட ஆள்போல ஆகிவிடுவார்.

துறையூர்க்காரர் ஒருவருக்குக் கல்யாணத்துக்கு வரன் தேடப் படம் செய்துகொடுத்தார். படத்தைப் பார்த்து மயங்கிய பெண் வீட்டார் கிளம்பிப் போய்க் கதவைத் தட்ட, மாப்பிள்ளையே வந்து திறந்திருக்கிறார். "உங்க தம்பி இருக்காருங்களா?" என்று அவரிடமே கேட்டார்களாம்.

மணப்பாறை முறுக்குக் கடைக்காரர் ஒருநாள் மாடிப்படி அதிர வந்தார். கையில் முறுக்குத் தட்டோடு அவர் நிற்கும் படம், கடை பேனருக்காகச் செய்தது.

"ஏங்க, மூஞ்சியைப் பண்ணச் சொன்னா முறுக்கையும் சேர்த்துப் பண்ணி வச்சிருக்கீங்க! பார்க்கறவன்லாம் நமுத்துப் போச்சான்னு கேக்கறான்!"

"மூஞ்சி மெத்துன்னு இருந்து முறுக்கு மட்டும் முள்ளு முள்ளா இருந்தா ஒட்டாதுங்களே" என்றார் பனிமூட்டம், மனம் நொந்து.

நான் விதிப் புத்தகங்களோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்ற அரசு ஊழியன். எந்த மனுவை எங்கே கொடுப்பது, எந்தச் சான்றிதழுக்கு எந்தச் சான்றிதழ் என்று என்னைக் கேட்டுத்தான் எங்கள் தெரு இயங்குகிறது. மனைவி போன பிறகு மத்தியானங்கள் நீண்டுவிட்டன. காற்று வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு அந்த மாடிக்குப் போவேன். சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை என்பது வேறு. மாடியில் காற்றும் கிடையாது. ஃபேன் சுற்றுவதாகப் பேச்சு. அவரும் மனைவியை இழந்தவர். ஒரே மகள் கனடாவில். இருவரும் மனம்விட்டுப் பேசினோம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் திரையில் யார் கன்னத்தையாவது வழவழப்பாக்கிக்கொண்டிருப்பார். நான் பேப்பரில் டெண்டர் விளம்பரம் வரை படிப்பேன்.

மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. அப்பா வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். விசா விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். படத்தை மட்டும் அவரே எடுத்துக் கொடுத்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது: படம் திருத்தப்பட்டிருக்கிறது, வேறு அனுப்பவும். அவர் வேறு கொடுத்தார். அது முந்தையதைவிட மோசம்.

"ரூல்ல தெளிவா இருக்குங்க, படத்தைத் திருத்தக் கூடாதுன்னு."

"திருத்தலை சார். லேசாத் தடவிக் கொடுத்தேன்."

"காது எங்கே போச்சு?"

"இருக்கு சார். கொஞ்சம் பின்னால இருக்கு."

"இதை அனுப்பினா விசா கிடைக்காது. குழந்தை பிறந்து, நடந்து, ஸ்கூலுக்கும் போயிடும். நீங்க இங்கயே உக்காந்து போன்ல பார்க்க வேண்டியதுதான்."

அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் அழைத்தாள். அவர் அவசரமாகத் தலையைத் தடவினார். விரலில் ஒட்டிய தேங்காய் எண்ணெயை போன் கேமரா மேல் பூசிவிட்டுத்தான் எடுத்தார்.

"என்னப்பா, பனி எங்க ஊர்லயா உங்க ஊர்லயா? உங்க மூஞ்சியே தெரியலை. போனை மாத்துங்கப்பா!"

"மாத்தறேன்டா, மாத்தறேன்."

பேசி முடித்ததும் என் பார்வையைத் தவிர்த்தார். "போன வருஷக் காய்ச்சல்ல பாதியா இளைச்சுட்டேன் சார். அவளுக்குத் தெரியாது. பார்த்தா அழுவா. இந்த நிலைமையில வேணாமேன்னு..."

அதற்கு விதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவரைக் கையோடு பஸ்ஸில் ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவரைத் தெரியாத ஒரு ஸ்டூடியோவில் உட்காரவைத்தேன். அங்கிருந்த பெண் "நேரா பாருங்க" என்றாள், ஒரு வெளிச்சம் அடித்தது, முடிந்தது. வெள்ளைச் சுவர் முன்னால் கன்னம் ஒட்டிய ஒரு முகம், ஒரு கோடு பாக்கியில்லாமல் திரையில் வந்து நின்றது.

பனிமூட்டம் அதை வெகுநேரம் பார்த்தார்.

"தனியா சமைச்சுச் சாப்பிடற ஆளுன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கே சார்."

நான் ஸ்டூடியோக் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன். என் முகத்தை அவர் அப்போது பார்ப்பதை நான் விரும்பவில்லை.

"பாப்பா, கண்ணுக்குக் கீழ மட்டும் கொஞ்சமா..." என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சினார்.

"தொட்டா ரிஜெக்ட் ஆயிடும் தாத்தா."

அந்தத் 'தாத்தா'வில் மனிதர் கொஞ்சம் நிமிர்ந்தார். "சரி, அனுப்பிடுங்க சார். அழுதா பக்கத்துல உக்காந்து அழட்டும்."

விசா வந்தது. போனார். ஒன்றரை மாதம் கழித்து, ஒரு மத்தியானம், போனில் வந்தார். மூக்கின் பக்கத்து மரு வரை பளிச்சென்று தெரிந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. தோளில் ஒரு துணிப் பொட்டலம்.

"பேத்தி சார்! பொண்ணு என்னை விட மாட்டேங்கிறா. இன்னும் கொஞ்ச காலம் இங்கயே இருங்கன்னு ஒரே அழுகை. விசாவை நீட்டிக்க முடியுமா? உங்களுக்குத் தெரியாத ப்ரொசீஜரா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தினமும் அந்தச் சந்துவரை நடந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவனுக்கு அந்த ஒரு பொய்க்கு உரிமை உண்டு. ஆனால் பொட்டலம் சிணுங்கியது; அவர் என்னை மறந்து அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பேனா எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தங்க அனுமதித்த காலம் முடிவதற்கு முன்பே மனுப் போட வேண்டும் என்பதில் தொடங்கி, ஒரு படி விடாமல் சொல்லிக்கொடுத்தேன். சந்தேகம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றேன். சந்தேகம் இல்லாவிட்டாலும் கூப்பிடலாம் என்றேன்.