தேவலோகத்துக்குள் காத்து சார்

விழுப்புரத்தில் ஒருவர் ஊதுபத்தி கொளுத்தினால் திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு தும்மக்கூடிய ஒரே மனிதர் எங்கள் காத்து சார்தான். நடுவில் விக்கிரவாண்டி இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அந்த மூக்குக்கு விக்கிரவாண்டி ஒரு பொருட்டே இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். அவர் ஹெட் கிளார்க். அவருக்கென்று ஒரு நல்ல பெயர் ரெஜிஸ்டரில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கே போனாலும் விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடிப்பார்; காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அதனால் காத்து சார்.

மனு கொண்டு வருகிற ஜனங்களை ஊர் பார்த்து, தாலுகா பார்த்துப் பிரிப்பது மற்ற குமாஸ்தாக்களின் வேலை. இவர் வாசனை பார்த்துப் பிரிப்பார். வேர்க்கடலை மூட்டை தூக்கி வந்தவனுக்கு ஓர் இடம், ஜவ்வாது பூசி வந்தவருக்கு ஓர் இடம்.

"நீ மல்லாட்ட மூட்ட தூக்கிட்டு வர்றியா? வா வா, கிட்ட வந்து உக்காரு. நீங்க இன்னாங்க, ஜவ்வாது பூசிக்கினு வந்தீங்களா? கோச்சிக்காதீங்க. அந்தாண்ட ஜன்னலுக்கு வெளிய நின்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வியர்வை ஒன்றும் செய்யாது. ரயில் புகை ஒன்றும் செய்யாது. மாட்டுக் கொட்டகைக்கு எதிரே மணிக்கணக்கில் நிற்பார். பவுடர், சென்ட், மல்லிகை, பன்னீர் இவைதான் எமன். ஒருமுறை மாற்றலாகி வந்த அதிகாரி சென்ட் போட்ட கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டே பேசினார். காத்து சார் மறுநாளே லீவு எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'தங்கள் கைக்குட்டை' என்று எழுதியிருந்தார். நான்தான் அதை வாங்கிக் கிழித்துவிட்டு 'வயிற்றுப்போக்கு' என்று டைப் அடித்துக் கொடுத்தேன்.

நாங்கள் சிரிப்போம். ஆனால் அந்தத் தும்மலுக்குப் பிறகு வருவதைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். பத்து, பதினைந்து என்று தும்மி முடித்ததும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். தோள் இரண்டும் காதுவரை ஏறும். உள்ளே போன மூச்சு வெளியே வர வழி தெரியாமல் விசிலடிக்கும். சட்டைப் பையில் ஒரு தகர டப்பியில் டாக்டர் கொடுத்த மாத்திரை எப்போதும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு, முன்னால் குனிந்து, ஊதி ஊதி மூச்சு விடுவார். அரை மணி நேரம் ஆபீசே மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இந்த இழுப்பு அவரோடு போயிருந்தால் பரவாயில்லை. அவருக்கு ஒரு தங்கை. பெயர் சரோஜா. தாய் தகப்பன் போனபிறகு அவர்தான் வளர்த்தார். சரோஜாவுக்கு ஒரு தும்மல்கூட வராது. சென்ட் பீப்பாய்க்குள் படுத்தும் தூங்குவாள். ஆனால் பெண் பார்க்க முதலில் வந்த இடத்தார் தட்டு நிறைய மல்லிகையும், மேலெல்லாம் அத்தருமாக வந்தார்கள். வாசலில் "வாங்க" என்று சொன்ன காத்து சாருக்கு அந்த 'வாங்க'வை முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. வந்தவர்கள் காபிகூடக் குடிக்கவில்லை. "அண்ணனுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்கும், அவ பெக்கறதுக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாவது இடமும் அப்படியே. அதற்குள் சரோஜாவுக்கு இருபத்தாறு வயது. 'இழுப்புக்காரர் வீடு' என்று ஊரில் பெயர் விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அதற்குமேல் ஒரு கெட்ட பெயர் தேவையில்லை.

மூன்றாவதாக விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. அப்பா இல்லாத பையன், பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவும் அவனும் மட்டும். கொஞ்சம் மல்லாட்டை நிலம். அவர்கள் தரகரிடம் சொல்லியனுப்பிய செய்தி இதுதான்: விழுப்புரத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்ணை அங்கே அழைத்து வாருங்கள்.

இது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நேரே வீட்டுக்கு வந்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்று, அப்புறம் வேண்டாம் என்றால் பெண் வீட்டுக்கு அவமானம். அதனால் முதலில் பொருட்காட்சியிலோ கோயிலிலோ 'தற்செயலாக'ச் சந்திப்பார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. சும்மா பேச்சுக் கொடுத்து, கூட நடந்து, பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் சந்திக்கவே இல்லை. இதில் ஒரே சட்டம், எதற்காக வந்தோம் என்பதைக் கடைசிவரை யாரும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது.

"யோவ் டைப்பு, நீயும் கூட வா" என்றார் காத்து சார். "எனக்கு ஏதாவது ஆச்சின்னா இழுத்துக்கினு அந்தாண்ட போயிடு. யாருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

அந்த வாரம் முழுவதும் ஆபீசில் ஒத்திகை நடந்தது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் எண்ணுவேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனுக்களில் கையெழுத்துப் போடுவார். வியாழக்கிழமை ஒரு நிமிஷம் தாண்டினார். சனிக்கிழமை, "ரெண்டு மூக்குலயும் பஞ்ச வச்சி அடச்சிக்கினா இன்னா?" என்று கேட்டார்.

"சார், மூக்குல பஞ்சு யாருக்கு வெப்பாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, வெளிய தெரியாம உள்ள தள்ளி வச்சிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனோம். சரோஜா தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. பெண் பார்க்கும் நாளில் அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததே இல்லை. காற்று நன்றாக அடித்தது. வளையல் கடையோரம் தரகர் சொன்ன இடத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள். பையன் கூச்சமாக இருந்தான். அம்மா ஒல்லியாக, கறாரான முகத்தோடு இருந்தார். 'தற்செயலாக' வணக்கம் சொன்னோம். மழையைப் பற்றிப் பேசினோம். அந்த அம்மா சரோஜாவை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் பையன் வாயைத் திறந்தான். "அங்க ஏதோ தேவலோகம்னு ஒரு கூடாரம் போட்டிருக்காங்களாம். பாத்துட்டு வரலாங்களா?"

சரோஜாவோடு இன்னும் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் கேட்டான்; அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூடாரம் என்ன தெரியுமா? ஏழு லோகம், ஏழு அறை. காஷ்மீர் ரோஜாத் தோட்டம், சந்தனக் காடு, தாழம்பூ ஆறு என்று திரையில் எழுதி வைத்து, ஒவ்வொரு அறையிலும் மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் பம்பில் அந்தந்த எசென்சை நிரப்பி ஜனங்கள்மேல் பீய்ச்சுவார்கள். வாசனை வீணாகக்கூடாது என்று இரட்டைப் படுதா. வெளியே நின்று ஓசியில் மோந்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று தையல் ஓட்டையைக்கூட மெழுகு வைத்து அடைத்திருந்தார் கூடாரக்காரர். உள்ளே போனால் திரும்பி வரமுடியாது. அவர் மைக்கில் ஒரு லோகத்தின் பெருமையைப் பேசி முடித்து மணி அடித்தால்தான் அடுத்த லோகத்தின் திரை விலகும்.

காத்து சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. காரணத்தைச் சொன்னால் கல்யாணமே இல்லை. அந்த அம்மாவும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "போலாம், போலாம்" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

முதல் லோகம் ரோஜா. பம்பு இரண்டு அடி அடித்தது. எனக்கே கண்ணைக் கரித்தது. காத்து சார் திரையில் இருந்த காஷ்மீர் மலையைப் பார்த்தபடி சிலையாக நின்றார். பஞ்சு காவல் காத்தது. இரண்டாவது லோகத்தில் சந்தனம். பையன் சரோஜாவிடம், "நல்லா இருக்கு இல்லீங்க" என்றான். அவள் பதில் சொல்லாமல் அண்ணனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் எப்போது ஏறும் என்று அவளுக்குத்தான் தெரியும். மூன்றாவதில் தாழம்பூ. கூடாரக்காரர் அதன் பெருமையைப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். காத்து சாரின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பது வரை போனதும் மணி அடித்தது.

நாலாவதில் ஒரு பஞ்சு நழுவி மூக்கின் நுனியில் எட்டிப் பார்த்தது. யாரும் பார்ப்பதற்குள் மீசையைத் தடவுவதுபோல் உள்ளே தள்ளினார். மீசை இல்லாத மனிதர் அவர். ஐந்தாவதில் முகம் கருஞ்சிவப்பாகிவிட்டது. வாயோரத்தால் சொட்டுச் சொட்டாக மூச்சு வாங்கினார். இன்னும் இரண்டுதான். நான் எந்தச் சாமிக்கும் அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு வேண்டுதல் வைத்ததில்லை.

ஆறாவது லோகம் மல்லிகை. பம்பு அடித்தது. நான் காத்து சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கூடாரக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முந்தானை வாயில் இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. மகன் அந்தப் பக்கம் திரையைக் காட்டி சரோஜாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மைக் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உதடு நீலமாவது தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் அது என்னவென்று உடனே தெரிந்தவர் காத்து சார் ஒருவர்தான். அவர் வாயைத் திறந்தால் ஐந்து லோகமாகக் கட்டிக் காத்தது அத்தனையும் போகும். ஒரே ஒரு தடவை சரோஜாவைப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

"யம்மா, அந்தக் கம்பத்த வுடுங்க. எம்மேல சாஞ்சிக்குங்க. யோவ், தொற. ஜல்தி தொறய்யா."

"இன்னும் ஒரு லோகம் பாக்கி இருக்குது சார்" என்றார் கூடாரக்காரர் மைக்கிலேயே. "மணி அடிச்சாதான்."

காத்து சார் மணிக்குக் காத்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து படுதாவின் அடியில் கையை விட்டு முளைக்குச்சியை ஆட்டிப் பிடுங்கினார். நான் இன்னொன்றைப் பிடுங்கினேன். படுதா தூக்கிக்கொண்டது. அந்த அம்மாவை இரண்டு பேருமாக வெளியே இழுத்தோம். பின்னால் மல்லிகை வாசனை குப்பென்று வந்தது. வெளியே கரும்புச் சக்கை குவிந்து கிடந்த பொட்டல். அங்கே உட்கார வைத்தார். தன் டப்பியிலிருந்த மாத்திரையை அந்த அம்மாவின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"முன்னால குனிஞ்சிக்குங்க. பயப்படாதீங்க. மெழுகுவத்திய ஊதி அணைக்கிற மாதிரி ஊதுங்க. மெதுவா. இன்னும் மெதுவா. எங்கூட சேந்து ஊதுங்க."

ஊதிக் காட்டும்போதுதான் காத்து சாருக்கு வந்தது. முதல் தும்மலில் வலது பஞ்சு போயிற்று. இரண்டாவதில் இடது பஞ்சு அந்த அம்மாவின் மடியிலேயே விழுந்தது. பத்தொன்பது வரை நான் எண்ணினேன். அப்புறம் இழுப்பு. டப்பியில் கடைசியாக இருந்த மாத்திரையைத்தான் அந்த அம்மாவுக்குக் கொடுத்திருந்தார். அதனால் அவர் வெறும் மூச்சை வைத்துக்கொண்டே போராடினார். சரோஜா ஓடிவந்து முதுகை நீவினாள். பையன் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறி விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு முதலில் பேச்சு வந்தது. "தம்பிக்கும் உண்டா இது?"

காத்து சார் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு விட்டு விட்டுச் சொன்னார்: "எனக்குத்தாங்க. தங்கச்சிக்குக் கெடையாது. சத்தியமா கெடையாது. இத்தினி வாசனையில நின்னுச்சே, பாத்தீங்க இல்ல? நான் வேணும்னா அது வூட்டுப் பக்கமே வரமாட்டேன்."

அந்த அம்மா மடியில் கிடந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனோடு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். வழக்கப்படி யாரும் யாரையும் சந்திக்கவில்லை.

திரும்பும் ரயிலில் காத்து சார் காலி டப்பியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தார். சரோஜாதான், "வுடுண்ணா. நீ வாயத் தொறக்கலன்னா அந்தம்மா செத்திருக்கும்" என்றாள். திங்கள், செவ்வாய், புதன் தரகர் தலை காட்டவில்லை. காத்து சார் விரலை நனைத்துக் காற்றுப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஜவ்வாதுக்காரரைக்கூட வெளியே நிற்கச் சொல்லவில்லை. உட்கார வைத்து மனு வாங்கித் தும்மினார். எங்களுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அந்த அம்மாவே ஆபீசுக்கு வந்து நின்றார். தரகர் இல்லை, தட்டு இல்லை. காத்து சார் நாற்காலியிலிருந்து எழுந்தவர் உட்கார மறந்துவிட்டார்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல எம் பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டன்னுட்டாங்க தம்பி" என்றார் அவர். "இழுப்பு மாமியாருக்கு வேலை செஞ்சே எங்க பொண்ணு ஓஞ்சி பூடும்னாங்க. அதான் மறச்சேன். நீங்களும் மறச்சீங்க. ஆனா எனக்கு மூச்சு நின்னப்ப நீங்க மறைக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க தங்கச்சிக்கு உங்களப் பாத்துப் பாத்துப் பழகி இருக்கும். என்னயும் பாத்துக்கும். எப்ப வச்சிக்கலாம்?" என்றார்.

கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. மல்லிகை இல்லை, பன்னீர் இல்லை, சந்தனம் இல்லை. மாலையெல்லாம் கனகாம்பரமும் வாடாமல்லியும். வாசலிலேயே காத்து சாரும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று, பவுடர் போட்டு வந்தவர்களைக் கிணற்றடிக்கு அனுப்பி முகம் கழுவ வைத்தார்கள். கஞ்சத்தனம் என்றார்கள் சிலர். அண்ணன் பகுத்தறிவுக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்றார்கள் சிலர். அவ்வளவு மணமில்லாத கல்யாணத்தில் நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

சாயங்காலம் சரோஜா விக்கிரவாண்டி பஸ்ஸில் ஏறிப் போனாள். பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் காத்து சார் ரோட்டிலேயே நின்றார். நான் பக்கத்தில் போனபோது கண், மூக்கு, முகம் எல்லாம் நனைந்திருந்தது.

"எவனோ பவுடர் போட்டுக்கினு வந்துட்டான்யா" என்றார்.

சுற்றுவட்டாரத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. "ஆமா சார், எனக்கும் கண்ணு எரியுது" என்றேன் நான். நிஜமாகவே எரிந்தது. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.