சொந்தமில்லாத ஒரு பெண் தேவை

அன்புள்ள மாப்ள கிரிதரனுக்கு,

மதுரை முனிச்சாலையிலிருந்து அத்தான் ராமமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா சீதாலட்சுமி, நமது நைட்டி கம்பெனி, தையல் மெஷின்கள் எல்லாம் சௌக்கியம். நான் சௌக்கியமா என்றுதான் யாரும் கேட்பதில்லை.

பெங்களூரில் இருந்துகொண்டு, "எப்ப ஷேர் விடுறீக அத்தான்?" என்று போனில் குடைகிறாய். ஷேர் மார்க்கெட்டுக்குப் போனால் ஊர் பேர் தெரியாதவனெல்லாம் பங்கு வாங்குவான், வாங்கினவன் கேள்வி கேட்பான். இத்தனை வருஷத்தில் என் நாற்காலிக்கு எதிரே நின்று ஒருத்தன் கேள்வி கேட்டதில்லை. அந்த நாற்காலி போய்விடுமோ என்பதுதான் என் பயம், உன்னிடம் மறைப்பானேன்? அதனால் முதலில் அஷ்டமத்துச் சனி என்றேன், அப்புறம் மார்க்கெட் படுத்துக் கிடக்கிறது என்றேன். இந்த வருஷம் சாக்கு தீர்ந்துபோச்சு. உன் அக்கா சென்னையிலிருந்து ஆலோசகர் ஒருத்தரை வரவழைத்துவிட்டாள்.

வந்த மனுஷன் எடுத்த எடுப்பிலேயே, "உங்க கம்பெனியில டைவர்சிட்டி எப்படி சார்?" என்றார். எல்லா வகை ஆட்களும் இருக்கிறார்களா என்று அர்த்தமாம். "ஏன் இல்லாம? சித்தப்பா இருக்காரு, சகலை இருக்காரு, சம்பந்தி இருக்காரு, பெரியப்பா மகன் ரெண்டு பேரு இருக்கானுக" என்று அடுக்கினேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். டைரக்டர்களில் ஒரு பெண்ணாவது வேண்டுமாம், அதுவும் சொந்தமே இல்லாத பெண்ணாக இருந்தால் உத்தமமாம். நம்ம ஆட்களில் சொந்தமில்லாத பெண்ணுக்கு எங்கே போக? கடைசியில் உன் அக்காவே உசிலம்பட்டிப் பக்கம் பாண்டிமீனா என்று ஒரு ஆடிட்டர் பெண்ணைப் பிடித்து வந்தாள்.

அந்தப் பெண்ணை எதிரே உட்கார வைத்துக்கொண்டு சித்தப்பா, அதுக்குப் புரியாது என்ற தைரியத்தில் நம்ம சௌராஷ்டிர பாஷையில், "இவ முழியப் பாத்தா நம்ம வீட்டுக் காருக்குக் கம்பெனி ஏன் பெட்ரோல் போடுதுன்னு கேப்பா போலயே" என்றார். அது சிரித்துக்கொண்டே அதே பாஷையில், "கட்டாயம் கேப்பேன் தாத்தா" என்றது! சின்னப் பிள்ளையில் நம்ம தெருவில்தான் வாடகைக்கு இருந்தார்களாம். சித்தப்பா விடுவாரா? "நம்ம பாஷை பேசுனா நம்ம சொந்தம்டா! சொந்தம்னா செல்லாது!" என்று ஒரே போடாகப் போட்டார். அப்பாடா என்று நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஆலோசகர் தலையிலடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஆகவே மாப்ள, ஷேர் வெளியீடு காலவரையின்றி ஒத்திவைக்கப்படுகிறது. பாண்டிமீனாவும் வேண்டாம். இது தலைவர் என்ற முறையில் நான் எடுத்த உறுதியான முடிவு. உன் அக்காவிடம் மூச்சு விடாதே.

பிள்ளைகள் மீனாட்சி அருளால் நன்றாகப் படித்து, கம்பெனி ஏதும் ஆரம்பிக்காமல், நீண்ட ஆயுளுடன் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் ராமமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா படித்துவிட்டாள். உறை ஒட்டாமலே கிடக்க, மறுநாளே பாண்டிமீனா டைரக்டராகச் சேர்ந்தாச்சு. டைரக்டர்கள் கூட்டத்தில் அது கேட்ட முதல் கேள்வி, "தலைவர் சாருக்கு இங்க என்ன வேலை?" எல்லாரும் யோசித்தார்கள். நானும் யோசித்தேன். இப்போது உன் அக்காதான் தலைவர். பெங்களூர் கம்பெனிகளில் டைவர்சிட்டிக்காக வயசானவர்களையும் எடுக்கிறார்களாமே, எனக்கு ஒரு இடம் விசாரித்துச் சொல்லு மாப்ள.