குருத்து என்று பெயர் வைத்தவர் யார்?

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

மூன்று தெரு தள்ளியிருக்கும் தம்பி எழுதுவது. இங்கே என் வலது முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே உன் இரண்டு முழங்கால்கள் நீங்கலாக எல்லாம் நலம் என்று நம்புகிறேன்.

நாளை நீ மகளோடு வெளியூருக்கே குடிபோகிறாய். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து உட்கார்ந்துட்டுப் போடா" என்று நேற்று ஃபோனில் சொன்னாய். என்னால் வர முடியாது. இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். நீ "சரிடா" என்று வைத்துவிடுவாய். அந்தச் "சரிடா"வைத் தாங்க முடியாமல்தான் கடிதம்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. மழைக்காலத்துக்கு முன்பு டாக்டரம்மா என் முழங்கால் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுக் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது, ஏனென்றால் குருத்து என்றால் துளிர்ப்பதுதானே, வாழையை வெட்டினாலே மறுநாள் குருத்து எட்டிப்பார்க்கிறது, என் முழங்காலுக்கு மட்டும் என்ன கேடு என்று அவர் மேற்கொண்டு சொன்ன எதையும் காதில் வாங்காமல் வீட்டுக்கு வந்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துத் துளிர்க்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு ஓட்டம் குறைந்தால் லிஃப்டைத் தூக்கும் கம்பிவடம் நீடிக்கும் என்பதுதானே தெரியும்? அந்த ஸ்டூலில் தடுக்கி உன் தம்பி பெண்டாட்டி பாலைக் கொட்டினாள், வெந்நீர்ப் பை ஒழுகி சோபா ஊறியது, தைல வாடைக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரர் பேப்பர் இரவல் கேட்பதையே நிறுத்தினார். அது ஒன்றுதான் லாபம்.

போன வாரம் மறுபடி போய், எப்போது துளிர்க்கும் என்று கேட்டேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பேருதான் ஐயா குருத்து. அதுக்கு ரத்தக்குழாயே கிடையாது. நீங்க நடக்கும்போது அழுந்தி அழுந்தி, மூட்டுக்குள்ள இருக்கிற நீரை உறிஞ்சித்தான் அது சாப்பிடும். நீங்க உட்கார வெச்சுப் பட்டினி போட்டிருக்கீங்க" என்றார். இளமையில் உள்ளே இருக்கும் செல்கள் சிதைந்ததை அவ்வப்போது ஒட்டுப்போட்டு வைக்குமாம். வயதாக ஆக அவை சோர்ந்துபோய், சிதைவது முந்திக்கொள்கிறதாம். போனது பழையபடி வராதாம். மெல்ல நடந்து தொடைத் தசையைப் பலப்படுத்தினால் வலி குறையும், இருப்பதாவது நீடிக்கும் என்றார்.

ரொம்ப வருத்தமாக இருக்கிறது அக்கா. இத்தனை மாதமும் மெல்ல நடந்து உன் வீட்டுக்கு வந்துபோயிருக்கலாம். காலைக் காப்பாற்றுகிறேன் என்று கால், அக்கா இரண்டையும் கோட்டைவிட்டேன். இப்போது ஏறலாம் என்றால் உன் வீடோ மூன்றாம் மாடி, அதுவும் லிஃப்ட் இல்லாத கட்டடம். ஊரையே மேலே ஏற்றி இறக்கியவனுக்கு இந்த நிலைமை. நாளை உங்கள் வாசலுக்கும் வர மாட்டேன். கார் கிளம்பும்போது நின்று கையாட்டினால் அழுதுவிடுவேன், உன் மாப்பிள்ளை வேறு இருப்பார்.

போகிற இடத்தில் தினமும் நட. உன் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், உனக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
வர இயலாத தம்பி

பின்குறிப்பு: இதைக் கொண்டுவர ஆள் கிடைக்காததால் நானே எடுத்து வந்தேன். இப்போது உன் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதற்கு மேல் ஏற முடியவில்லை, இறங்கவும் தைரியமில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் மேலே போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எப்படியும் நாளை நீ மூன்று மாடி இறங்க வேண்டும். அதில் ஒன்றை இன்றைக்கே இறங்கிவிடேன். கைப்பிடியைப் பிடித்து மெதுவாகவே வா. நான் எங்கேயும் எழுந்து ஓடிவிட மாட்டேன்.