பின்லாந்துக் காவியமும் பூசணிக்காய்க் கறியும்

உதயரூபன் அண்டைக்கு விடியவே ஒரு பெரிய முடிவெடுத்துட்டான். இனி இந்த வீட்டில உண்மையச் சொல்லிப் பாட்டுக் கேக்கிறதில்ல. பொய்யச் சொல்லித்தான் கேக்கிறது.

பாவம், அவனும் எவ்வளவு காலத்துக்குத்தான் உண்மையச் சொல்லிப் பாக்கிற?

செங்கலடியில ஸ்பீக்கர் செற் வாடகைக்குக் குடுக்கிற உதயரூபன் எண்டா ஆருக்கும் தெரியும். கலியாணம், சாமத்தியம், கோயில், செத்தவீடு, எல்லாத்துக்கும் அவன்ட பெட்டிதான். சண்டைக் காலத்தில ஒரு ஸ்பீக்கர் கட்டுறதெண்டாலும் ஆமிக் காம்புக்குப் போய் அனுமதி எடுக்கணும். ஒருக்கா அப்பிடிப் போனவன அங்க இருந்த பெரியவர் தன்ட ரேடியோவத் திருத்த வச்சிட்டார். இவன் திருத்திக் குடுத்து, அனுமதி எடுத்து, பெட்டியக் கொண்டு போய் இறக்கக்குள்ள கலியாண வீட்டில பந்தல் அவிழ்க்கிறாங்க. சரி, அவிழ்க்கிற வேலைக்கெண்டாலும் பாட்டுப் போடுவம் எண்டு போட்டுட்டு வந்தவன். அது வேற கதை.

அவன்ட பிரச்சினை என்னெண்டா, அவனுக்கு மெட்டல் பைத்தியம்.

மெட்டல் எண்டா பித்தளை, ஈயம் எண்டு நினைச்சிராதீங்க. அது ஒரு சங்கீதம். கித்தார் ஒரு பக்கம் வெறி பிடிச்சு ஓடும். மேளம் அதத் துரத்தும். நடுவில ஒரு மனுசன் தொண்டையில மீன் முள்ளுச் சிக்கின மாதிரி உறுமுவான்.

இந்தப் பைத்தியத்தப் பிடிக்க வச்சது பெக்கா. சுனாமி வந்து போன கையோட, உப்புத் தண்ணி ஏறின கிணறுகள இறைச்சுத் துப்புரவாக்க வந்த பின்லாந்துக்காரன். வந்த முதல் நாள் பச்சக் கொச்சிக்காய அவரைக்காய் எண்டு கடிச்சுப்போட்டு, உறைப்புத் தாங்காம இறைக்க வந்த கிணத்துக்குள்ளயே குதிச்சவன். நல்ல மனுசன். செங்கலடியில அவங்கட நிவாரண ஒபிஸ். அங்க ஜெனரேற்றர் பாக்கிற வேலை உதயரூபனுக்கு. சமையல் வேலை அவன்ட பொஞ்சாதி கஜானிக்கும் ஏறாவூர் ஸஹீதா ராத்தாக்கும். பகலில பெக்கா குசினி வாசல்ல நிண்டு இவள்களோட அரைத் தமிழில கதைப்பான். பின்னேரத்தில உதயரூபனக் கூப்பிட்டு வச்சு மெட்டல் போடுவான்.

"பாரு உதயா," எண்டுவானாம் பெக்கா. "இங்கிலீசில உறுமினா உலகம் முழுக்கக் கேக்கும். தன்ட தாய்ப் பாசையில உறுமுறவன பக்கத்து நாட்டுக்காரனுக்கே தெரியாது."

இது உதயரூபன்ட நெஞ்சில போய்க் குத்திட்டுது. தமிழன்தானே, குத்தாமப் போகுமா? பெக்கா ஊருக்குப் போகக்குள்ள ஒரு பை நிறைய சீடி குடுத்துட்டுப் போனான். பின்லாந்துப் பாசை, ஹங்கேரிப் பாசை, ஐஸ்லாந்துப் பாசை, ஸ்பெயினுக்குப் பக்கத்தில பாஸ்க் எண்டு ஒரு பாசை. இங்கிலீசு மட்டும் மருந்துக்கும் இல்ல.

உதயரூபனுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஆராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், தன்னோட இருந்து இந்தப் பாட்டக் கேட்டு "நல்லா இரிக்குடா" எண்டு சொல்லணும். திறீவீல் ஓடுற கூட்டாளிக்குப் போட்டுக் காட்டினான். அவன் கேட்டுட்டு, "மச்சான், பெற்றரி இறங்கிட்டுதோ?" எண்டான். அதோட உதயரூபன் அவனோட கதைக்கிறதயே குறைச்சிட்டான்.

கஜானி அதுக்கும் மேல. சண்டை முடிஞ்ச அடுத்த வருசம், வைகாசி பிறக்கக்குள்ள, கோயில்ச் சடங்குகளுக்கெண்டு இவன் பெட்டியெல்லாம் வெளிய எடுத்துச் சோதிக்கிறான். சோதிக்கிறது எதப் போட்டு? மெட்டலப் போட்டு. அவள் வந்து சுவிச்ச நூத்திட்டு, "இஞ்சேருங்க, இந்த உறுமல இனி வீட்டில போட ஒண்ணா. பக்கத்து வளவுக் கோழி அடைய விட்டு எழும்பிப் போகுதாம்" எண்டு சொல்லிட்டாள். கோழி போனது உண்மைதான். ஆனா அது முதலே ஒரு மாதிரியான கோழி.

அதுக்குத்தான் இந்த முடிவு.

கஜானி குசினியில இறாலுக்குக் கோது கழட்டிக்கிட்டிருந்தாள். வாவியில அண்டைக்குப் பிடிச்ச இறால், இன்னும் மீசை ஆடுது. உதயரூபன் போய் நிலையில சாஞ்சான்.

"கஜானி, உனக்கு ஒண்டு சொல்லணும்."

"சல்லி இல்ல."

"சல்லிக் கதை இல்ல புள்ள. அந்தப் பெக்காட பாட்டு இரிக்கில்லயா? அது சும்மா பாட்டில்ல."

"பின்ன?"

"சாமிப் பாட்டு."

கஜானிட கை நிண்டுட்டுது.

"எந்தச் சாமி?"

இத அவன் யோசிச்சிட்டு வரல்ல. "காட்டுச் சாமி. அங்க எல்லாம் பனிக்காடுதானே. காட்டுக்குள்ள ஒரு அம்மன். நம்மட கண்ணகை அம்மனுக்குக் காவியம் படிக்கிறல்லயா, அது மாதிரி."

"காவியத்த உறுமியா படிக்கிற?"

"குளிர்தானே புள்ள. தொண்ட கட்டிரும்."

கஜானி அவன்ட முகத்தப் பாத்தாள். இறாலப் பாத்தாள். மறுகா கைய அலம்பிட்டு எழும்பினாள்.

"ஐயோ, இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல? சாமிப் பாட்டெண்டா நான் மறிப்பனா? போடுங்க. வடிவாப் போடுங்க."

உதயரூபனுக்குக் கால் நிலத்தில படல்ல. ஓடிப் போய் செற்றில விரல வச்சான்.

"நில்லுங்க!"

"என்ன?"

"நேத்து என்ன திண்டீங்க?"

"சோறு."

"சோத்துக்கு?"

"இறால்."

"இறால் திண்ட உடம்போட சாமிப் பாட்டா? போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வாங்க. வெள்ள வேட்டி கொடியில கிடக்கு."

அவன் குளிச்சிட்டு வரக்குள்ள ஸ்பீக்கர்ப் பெட்டிக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சு, மேல வேப்பிலை செருகி, சாம்பிராணி போட்டு வச்சிரிக்காள். இறால் சட்டி மூடிக் கிடக்கு.

"இறால்?"

"மீன் மச்சம் இனி இந்த வீட்டில புழங்குமா? ஸஹீதா ராத்தாக்குக் குடுத்திருவம். உங்களுக்குப் பூசணிக்காய் வச்சிரிக்கன்."

பூசணிக்காய்தானே, ஒரு நாளைக்கு எண்டு அவன் திண்டான். அடுத்த நாள் பருப்பும் கீரையும். அதுக்கடுத்த நாள் பூசணிக்காய் திரும்பி வந்துட்டுது. உதயரூபன் வாவிக் கரையில பிறந்து வளந்தவன். பால் குடி மறந்த நாளில இருந்து மீன் இல்லாமச் சோறு இறங்கினதில்ல. மெலிய வெளிக்கிட்டான். வேட்டி இடுப்பில நிக்க மாட்டன் எண்டுது. பாட்டுக்குத் தலைய ஆட்டினா, முந்தி சந்தோசத்தில ஆடின தலை, இப்ப பசியில ஆடுது. வேலிக்கு அங்கால இருந்து கோழிக்காரப் பொம்பிள பாத்துட்டு, "சாமி உரு வந்துட்டுது!" எண்டு கையெடுத்துக் கும்பிட்டாவாம்.

ஒரு நாள் மெல்லமாக் கேட்டுப் பாத்தான்.

"புள்ள, இண்டைக்குப் பாட்டுப் போடாம விடுவம். ஒரு மணலை மீன் வாங்குவமா?"

"தொடங்கின நேர்த்திய நடுவில விடுறதா? காட்டு அம்மன் வேற. கோவம் கூடவா இரிக்கும்."

காட்டு அம்மனப் பெத்தவனே அவன்தான். இப்ப அவவ எப்பிடி இல்லெண்டு சொல்ற?

இப்பிடி இரிக்கக்குள்ளதான் கோயில் வண்ணக்கர் வினாயகமூர்த்தி கடப்பத் திறந்துட்டு வந்தார். கோயில் நிருவாகம் எல்லாம் அவர்ட கையிலதான். அவர் சொன்னா ஊரில மறுத்துக் கதைக்கிற ஆள் இல்ல. அவர்ட தம்பி ஒருக்கா மறுத்துக் கதைச்சு மூதூருக்குப் போய் இருந்துட்டான், அது இரிக்கட்டும்.

"தம்பி உதயரூபன், உன்னட்ட வெளிநாட்டு அம்மன்ட காவியம் இரிக்காமே?"

"ஆரு... ஆரு சொன்ன?"

"கஜானிப் புள்ளதான். நம்மட கண்ணகை அம்மன் சடங்குக்குக் கதவு திறக்கிற அண்டைக்குப் போடுவம். ஊரே கேக்கட்டும்."

ஊரே கேக்கட்டும்! இதுக்குத்தானே அவன் இவ்வளவு காலமும் தவம் கிடந்த. ஆனா கேக்கப் போறது ஊர் மட்டுமில்லயே, அம்மாளும் கேப்பாவே. அவவுக்கு எல்லாப் பாசையும் விளங்குமே! உதயரூபன் நழுவின வேட்டிய இழுத்துச் செருகினான். குசினிப் பக்கம் எட்டிப் பாத்தான். கஜானி அமைதியா இன்னொரு பூசணிக்காய வெட்டுறாள்.

"யோசிச்சுச் சொல்றன் வண்ணக்கர்."

"யோசிக்க என்ன இரிக்கு? நாளண்டைக்குக் கதவு திறக்கிற."

அடுத்த நாள் வந்தாறுமூலையில ஒரு கலியாணத்துக்கு செற் கட்டணும். பெட்டியெல்லாத்தையும் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில ஏத்திட்டுப் போனான். வீட்டில இருந்தது பழைய சின்னச் செற் மட்டும்தான். வழியெல்லாம் அவனுக்கு ஒரே யோசினை. சொன்னது பொய்யெண்டு வண்ணக்கரிட்டச் சொன்னா, இனி எந்தக் கோயிலும் செற்றுக்குக் கூப்பிடாது. சொல்லாம விட்டா அம்மாள் கூப்பிட்டிருவா. இந்த யோசினையில மைக் வயர வீட்டில விட்டுட்டான். கலியாண வீட்டு சைக்கிள் ஒண்ட வாங்கி மிதிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தான்.

கடப்படியில வரக்குள்ளயே கேட்டுது. பின்லாந்துச் சீடி. மூண்டாவது பாட்டு. அதுவும் எப்பிடி? சத்தம் அளவா, மேளம் வேற கித்தார் வேறயாத் தெரிய, அந்தச் சின்னச் செற்றில அவன் ஒரு நாளும் எடுக்காத சுத்தமா. கூடவே மூக்கில வந்து அடிச்சுது பொரிச்ச இறால் மணம்.

உள்ளுக்குப் பாய் விரிச்சு, நடுவில ஒரு சட்டி இறால். ஒரு பக்கம் கஜானி. மற்றப் பக்கம் ஸஹீதா ராத்தா. ரெண்டு பேரும் இறாலத் திண்டு திண்டு, பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கிட்டு இரிக்காங்க. கஜானி சும்மா ஆட்டல்ல. பின்லாந்துப் பாசையில கூடவே படிக்கிறாள்.

"கஜானி! சாமிப் பாட்டுப் போட்டுட்டு இறாலா?"

"எந்தச் சாமி?" எண்டாள் கஜானி.

"தம்பி, வந்து இரிங்க," எண்டா ஸஹீதா. "பாட்டு முடியட்டும், மறுகா கதைப்பம். நல்ல இடம் வரப்போகுது."

உதயரூபன் நிண்டபடி நிண்டான். பாட்டு ஓடிச்சுது. உறுமல் அடங்கிச்சுது. கித்தார் மெல்ல மெல்லத் தணிஞ்சு, கடைசியில தனிய ஒரு பொம்பிளட குரல் வந்துது, பிள்ளையத் தொட்டிலில போட்டு ஆட்டுற மாதிரி.

அவனுக்கு வாய் திறந்துட்டுது. "இதில... இதில பொம்பிளக் குரல் இரிக்கா?"

"முழுசாக் கேட்டாத்தானே தெரியும்," எண்டாள் கஜானி. "நீங்க ஒரு நாள் ஒரு பாட்ட முடிய விட்டீங்களா? பாதியில நூக்கிற, வயரக் கழட்டுற, 'ஹலோ மைக் டெஸ்டிங்' எண்டுற. அந்த உறுமலுக்கு நடுவில உங்கட 'ஹலோ'வக் கேட்டுத்தான் எனக்குக் கண்ணில காட்ட ஒண்ணாமப் போனது. கோழியும் அதுக்குத்தான் எழும்பினது."

"அப்ப... உனக்குப் பாட்டுப் பிடிக்கும்?"

"ஏன் பிடிக்காது? பெக்கா குசினி வாசல்ல நிண்டு வரி வரியாச் சொல்லித் தந்தவன். இதில ஒரு மனுசன், பொஞ்சாதிட்டப் பொய்க்கு மேல பொய் சொல்றான். அவ ஐஸ் ஆத்தில ஒரு ஓட்டை வெட்டி, அவன உள்ளுக்கு இறக்கிட்டு, கரையில குந்தித் தாலாட்டுப் படிக்கிறா."

"உங்கட ஞாபகமாத்தான் தம்பி இதக் கேட்டுக்கிட்டிருந்தம்," எண்டா ஸஹீதா.

உதயரூபன் பாயில இருந்துட்டான். கோவம் வரணும், வரல்ல. ஒரு ஆள் கேக்கணும் எண்டு ஆசப்பட்டான். வீட்டுக்குள்ளயே ரெண்டு ஆள் இவ்வளவு காலமாக் கேட்டிரிக்கு, அவனில்லாத நேரமாப் பாத்து. அவன் பூசணிக்காய் திண்ட நேரமெல்லாம் இவளுகள் இறால் திண்டிரிக்காங்க.

"அது சரி புள்ள, வண்ணக்கருக்கு என்ன சொல்ற? நாளைக்குக் கதவு திறக்கிற. அம்மாளுக்கு முன்னுக்கு இந்தப் பாட்டப் போட்டா நான் என்னத்துக்கு ஆவன்?"

"அதக் காலமையே போய்ச் சொல்லிட்டன்."

"என்னெண்டு?"

"அந்தக் காவியத்தக் கோயில்ல போட ஒண்ணா, நேர்த்திக்காரன் தன்ட வீட்டுக்குள்ளதான் கேக்கிற. என்ட மனுசன் அதுக்காகவே மச்சத்தத் தொடாமக் கிடக்கார் எண்டன். வண்ணக்கருக்குக் கண் கலங்கிட்டுது. உங்களப் பற்றி அவர் இவ்வளவு காலமும் பிழையா நினைச்சிட்டாராம்."

உதயரூபனுக்கு மலையே இறங்கின மாதிரி. கஜானியக் கும்பிடலாம் போல இருந்துது. அந்தச் சந்தோசத்தோட கைய நீட்டி, சட்டியில பெரிய இறாலா ஒண்டப் பாத்தான்.

கஜானி சட்டிய மெல்ல இங்கால இழுத்தாள்.

"என்ன செய்றீங்க? நீங்க மச்சம் திண்டதக் கேள்விப்பட்டா அவர் சீடியக் கேட்டு வந்து நிப்பாரே."

"அப்ப நான் எப்ப மட்டும் திண்ணாம இரிக்கிற?"

"சடங்கு முடியு மட்டும் எண்டு சொன்னன்."

"அவ்வளவுதானே? கடைசி நாள் குளிர்த்தி பாடினா முடிஞ்சுதே, வாற கிழமை..."

"எந்தக் கோயில்ச் சடங்கு எண்டு நான் சொல்லல்ல. அவரும் கேக்கல்ல." கஜானி அடுத்த பாட்டப் போட்டாள். "ஊர் ஊரா செற் கட்டுறவர் நீங்கதானே, எல்லாக் கோயில்ச் சடங்கும் எப்ப முடியும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். ராத்தா, அவருக்கு அந்தப் பூசணிக்காயத் தள்ளி விடுங்க."