கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு மட்டும்

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசக் கம்ப்யூட்டர். வேண்டுவோர் பெற்றோருடன் கம்ப்யூட்டர் வழியாக நேர்காணலுக்கு வரவேண்டும். கைபேசி ஏற்கப்படாது.

டெய்லர் அறிவிப்பை மூன்று தரம் படித்தார்.

"இதை யோசிச்ச மகராசன் எங்கே படிச்சிருப்பாம்மா?"

"கிண்டலெல்லாம் அப்புறம்ப்பா. கம்ப்யூட்டர் இல்லேன்னா காலேஜ்ல என் பேரையே எடுத்துடுவாங்க" என்றாள் மகள்.

டெய்லர் தன் வாடிக்கையாளர் டாக்டரம்மாவிடம் ஓடினார். கம்ப்யூட்டர் கிடைத்தது. ஆனால் டெய்லர் தெருவில் நெட், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி. எட்டிப் பார்க்கும், உள்ளே வராது.

"அப்ப எங்க ஹால்லயே உக்காந்து பேசுங்க டெய்லர்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

உட்கார்ந்ததும் மகள் அலறினாள். "அப்பா, பின்னாடி சரவிளக்கு தெரியுது! நம்மள ராஜ பரம்பரைன்னு நினைச்சுக்குவாங்க!"

"மறைச்சுட்டாப் போச்சு."

இன்ச் டேப்பால் அளந்துகொண்டு, தன் தையல் கடைக்கு ஓடி, கைக்கு அகப்பட்ட துணியைக் கொண்டுவந்து கட்டினார். சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் தங்கச் சரிகை. சரவிளக்கு போய் ராஜதர்பாரே வந்துவிட்டது.

மாற்ற நேரமில்லை. திரையில் அறக்கட்டளை அதிகாரி தோன்றினார். கழுத்தில் டை, முதுகுக்குப் பின்னால் தடித்தடியான புத்தகங்கள்.

"வீட்டுல கம்ப்யூட்டரே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பின்னாடி என்ன, மேடையா?"

"கடைத் துணிங்க ஐயா."

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வீட்டுச் சமையல்காரர் வெள்ளித் தட்டில் பழரசத்தோடு வந்தார். "ஐயாவுக்கு ஐஸ் போடலாமா?"

அதிகாரியின் புருவம் நெற்றியைத் தாண்டி ஏறியது.

"சார், இது டாக்டரம்மா வீடு!" என்றாள் மகள்.

"நல்லாப் பாருங்க ஐயா, இதுல ஒண்ணுகூட எங்களுது இல்ல!" டெய்லர் பதறிப்போய் வெல்வெட்டைப் பிடித்து இழுத்தார். பின்னால் சரவிளக்கு ஜகஜ்ஜோதியாக மின்னியது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கள மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! வீடும் இரவல், கம்ப்யூட்டரும் இரவலா? இந்தக் காலத்துல எவன்யா கம்ப்யூட்டரை இரவல் வாங்கி உக்காந்து பேசுவான்?"

பட்டியலில் மகளின் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார். மகள் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அண்ணே, பேசி முடிச்சாச்சுன்னா எங்க கம்ப்யூட்டரைக் குடுங்க. பாப்பாவுக்குப் பரீட்சை ஆரம்பிச்சிடுச்சு!"