மச்சானின் கிட்டாருக்கு ஏர்கான், எனக்குக் காத்தாடி

ஜெலுத்தோங், பினாங்கு
விஜயதசமிக்கு மறுநாள்

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் குணாளனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரர் சுப்பையா எழுதிக்கொள்வது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் நானும் உன் அக்காள் ஜெகதீஸ்வரியும் நலம். துபாயில் நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். நீ விட்டுப்போன கிட்டாரும் நலம். சொல்லப்போனால் எங்கள் இருவரையும்விட அதுதான் நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உன் அக்காள் பார்த்துவிடுவாள் என்று, பென்சன் வாங்கிய பிறகு தொடாத பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன்.

நீ புறப்படும்போது என்ன சொன்னாய்? "மச்சான், துபாய் காத்துல மரம் காஞ்சி வெடிச்சிரும். ஒங்கள விட்டா யாருகிட்ட குடுப்பேன்? நீங்களும் வாசிக்கிற ஆளு" என்றாய். நானும் உச்சி குளிர்ந்துபோய் இரண்டு கையாலும் வாங்கி வைத்தேன். துபாயில் மரம் காய்ந்து வெடிக்கும், சரி, பினாங்கில் அது ஈரம் குடித்து ஊதிப்போகும் என்பதை நீ என்னிடம் சொல்லாமல் உன் அக்காளிடம் சொல்லிவிட்டுப் போனாய். அதோடு ஈரத்தை அளக்கும் அந்தச் சின்னப் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனாய். அன்றிலிருந்து அவள் காலையில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்ப்பதில்லை, அந்தப் பெட்டியைத்தான் பார்க்கிறாள். எங்கள் பிளாட்டில் ஏர்கான் இருப்பது படுக்கையறையில் மட்டும். கிட்டார் அங்கே போயிற்று. குளித்த ஈரத்தலையோடு நான் உள்ளே வரக்கூடாது என்றாள், சரி என்றேன். துண்டைக் கட்டிலில் போடக்கூடாது என்றாள், அதற்கும் சரி என்றேன். ஒரு நாள் பெட்டியில் எண் ஏறியிருந்தது. "நீங்க வாயத் தொறந்து கொறட்ட விடுறீங்கல்ல, அந்த மூச்சுல ஈரம் இருக்கு லா" என்று சொல்லி என் தலையணையைத் தூக்கி ஹாலில் போட்டுவிட்டாள். இப்போது நான் காத்தாடிக்குக் கீழே, ஜெலுத்தோங் கொசுக்களோடு.

எனக்கும் ஒரு கிட்டார் இருக்கிறது என்பது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். உன் அக்காளைப் பெண் பார்க்க வந்தபோது கையோடு கொண்டுவந்தேனே, அதுதான். அதன் வயிறு உப்பிவிட்டது. கழுத்து வளைந்து, கம்பிகள் மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன, அழுத்தினால் விரல் வெந்துபோகிறது. அதற்கு ஏர்கான் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அரிசி ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, பழைய காலுறையில் அரிசியைக் கட்டி உள்ளே போட்டேன். அரிசியில் வண்டு வைத்துவிட்டது. கீழ் வீட்டு சீனி முகம்மது வந்திருந்த நேரம் ஆசையாக எடுத்து ஒரு மெட்டு வாசித்தேன், அவர் தேத்தண்ணியில் இரண்டு வண்டு விழுந்தது. மனுஷன் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாசிக்கும்போது உன் அக்காள் ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. இப்போது சாயங்காலம் உன் கிட்டாரை, சும்மா இருந்தால் கெட்டுவிடுமே என்று, எடுத்துத் தட்டினேன் என்றால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசற்படியில் வந்து உட்காருகிறாள். உன்னுடையதை வைத்துவிட்டு என்னுடையதை எடுத்தால், "சோறு வடிக்கணும்" என்று எழுந்துபோகிறாள். எங்கள் வீட்டில் சோறு வடிப்பதே இல்லை, குணாளா, ரைஸ் குக்கர்தான். எனக்குப் பொறாமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அறுபது வயதைத் தாண்டியவனுக்கு ஒரு மரப்பெட்டியின் மேல் பொறாமை.

அந்தப் பொறாமைதான் சரஸ்வதி பூசையன்று என்னைக் கெடுத்தது. உன் கிட்டாரை சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே பலகை போட்டு, பட்டுத் துணி விரித்து வைத்திருந்தாள். என்னுடையது ஓரத்தில், தையல் மிஷினுக்கும் என் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் நடுவில். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டையும் இடம் மாற்றி வைத்து, என்னுடையதற்குப் பூமாலையைக் கழுத்திலிருந்து வயிறு வரை போட்டு மூடிவிட்டேன். குளித்து வந்தவள் கண்ணாடி போடவில்லை. தம்பியுடையது என்று நினைத்து, மனசார சந்தனத்தைக் குழைத்து, அதன் மேல் குங்குமத்தை அள்ளி, பெரிய பொட்டாக வைத்தாள். உன்னுடையதற்கு, ஹெல்மெட்டுக்கு வைத்த மாதிரி, கடுகு அளவு. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எழுத முடியாது.

பூசையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாதே. என் கிட்டாரில் கை உரசி உரசி வார்னிஷ் போன இடத்தில்தான் அந்தப் பொட்டு விழுந்திருக்கிறது. விஜயதசமி காலையில் மாலையை எடுத்துத் துடைத்தால் சந்தனம் வந்தது, குங்குமம் வரவில்லை. மரத்துக்குள் ஊறி, வெற்றிலை துப்பின மாதிரி ஒரு சிவப்பு. "ஐயோ, தம்பி கிட்டாரக் கெடுத்துட்டேனே!" என்று உன் அக்காள் கண்ணீர் விட்டு அழுதாள். மனசு கேட்காமல், "அழுவாத ஜெகதீஸ், அது என்னோடது" என்றேன். அவள் ஓடிப்போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, "அப்பாடா! ஒங்களோடதா!" என்றாள்.

அது எப்படி நடுவுக்கு வந்தது என்றுகூட அவள் கேட்கவில்லை. அவ்வளவு நிம்மதி அவளுக்கு. மத்தியானம் சாப்பிட வந்த சீனி முகம்மதுவுக்கு உன் கிட்டாரில் வாசித்துக் காட்டினேன். "அண்ணே, ஒங்க மச்சான் கிட்டாரு பேசுது லா!" என்றார். வாசித்த விரல் யாருடையது? அது யார் கண்ணிலும் படவில்லை.

ஆகையால் மச்சான், தீபாவளிக்கு வரும்போது உன் கிட்டாரைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடு. அது துபாயில் வெடிக்கட்டும், வெடிக்காமல் இருக்கட்டும், எனக்கு என் படுக்கையறை வேண்டும், வாசற்படியில் உட்காரும் என் பெண்டாட்டியும் வேண்டும். இதற்கு மேல் இந்த உடம்பும் மனசும் தாங்காது. வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் மச்சான்
சுப்பையா

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு ஸ்டாம்ப் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அக்காள் நின்றபடியே முழுவதையும் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "தம்பி கிட்டாரு வர்றதுக்கு முன்னால ஒங்க கிட்டார எப்பங்க தொட்டீங்க? நான்தான் தூசி தட்டிக்கிட்டு இருந்தேன். இங்க விட்டுட்டுப் போடான்னு தம்பிகிட்ட சொன்னதே நான்தான். இப்ப பொறாமையில தெனமும் ஒக்காந்து வாசிக்கிறீங்க. இப்பதான் கேக்குற மாதிரி இருக்கு, வந்து ஒக்கார்றேன். ஒங்களோடத எடுத்தா துருப்புடிச்ச கம்பி காதக் கிழிக்குது. கம்பிய மாத்தி அதையும் ரூமுக்குள்ள வைங்களேன், யாரு வேணாம்னா?" என்றாள்.

என் கிட்டாரும் இப்போது ஏர்கானில். நான் மட்டும் இன்னும் ஹாலில். எனவே மேலே எழுதியதையெல்லாம் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். உன் கிட்டார் இங்கேயே இருக்கட்டும். அங்கே புதிதாக ஒன்று வாங்கினாலும் என்னிடமே கொண்டுவந்து கொடு. வாங்கும்போது, எனக்கு இன்னும் நன்றாக வயிறு எரிகிற மாதிரி பார்த்து வாங்கு.