வேங்கிக்கால் பால்

தொண்ணூறு வயதுக்காரர்களையும் தொண்ணூறு மைல் வேகத்தையும் ஒரே கூரையின் கீழ் கட்டி மேய்க்கக்கூடிய ஆள் இந்தியாவிலேயே ஒருவர்தான் என்று இன்ஜினியர் ஜீவகுமார் மனப்பூர்வமாக நம்பினார். அந்த ஒருவர் யார் என்று யாராவது கேட்டால் ரொம்ப அடக்கமாகத் தன் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டுவார். யாரும் கேட்காவிட்டாலும் நீட்டுவார்.

கார்டின் முன்பக்கம் ‘சுனந்தா முதியோர் இல்லம், செங்கம் ரோடு, திருவண்ணாமலை’ என்றிருக்கும். திருப்பினால் ‘ஜீவா ரேஸிங், பந்தய மோட்டார் சைக்கிள் நிபுணர்கள், விலாசம் முன்பக்கம் பார்க்க’ என்றிருக்கும்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் குவார்ட்டர்ஸ், பென்ஷன், கேன்டீன் போண்டா எல்லாவற்றோடும் இருந்த வேலையை உதறிவிட்டு வந்தவர் அவர். அப்போது சொந்தக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து துக்கம் விசாரித்தார்கள். “பெத்தவங்கள வெளியில விடற ஊராய்யா இது? முதியோர் இல்லமாம்! அதுவும் போதாதுன்னு பந்தயமாம். திருவண்ணாமலையில தேர் ஓடும். பந்தய வண்டி எங்கய்யா ஓடும்?”

இரண்டும் ஓடின. பம்பாயிலும் துபாயிலும் வேலையாயிருந்த பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆசிரமத்துக்குப் பக்கம், காலையில் எழுந்தால் மலை முகத்தில் முழிக்கலாம், வேறென்ன வேண்டும்? பின்கட்டு ஷெட்டுக்குச் சென்னையிலிருந்து பந்தயக்காரர்கள் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஜீவகுமார் கைபட்டால் போதும் என்று காத்துக் கிடந்தார்கள். முன்னால் கஞ்சி, பின்னால் கிரீஸ். எண்பத்தைந்தாம் வருஷம் முடிவதற்குள் துக்கம் விசாரித்த அதே சொந்தக்காரர்கள் தங்கள் மாமியார்களுக்கு இடம் கேட்டு வந்தார்கள்.

ஒரே ஒரு குறை. அது அவருடைய இடது காறை எலும்பு.

போன வருஷம் சென்னைப் பக்கத்துப் பந்தயத்தில், தானே செய்த வண்டியைத் தானே ஓட்டி, வளைவில் வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனதில் உடைந்தது. சொந்த இல்லத்திலேயே ஒரு கட்டிலில் கட்டுப்போட்டுக் கிடந்தார். பக்கத்துக் கட்டில் ஜோதியம்மாள், ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டார். மனைவி சுனந்தா திட்டவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி அவள் அழுது அவர் பார்த்தது அன்றுதான். அவருக்குக் காறை எலும்பைவிட அது அதிகமாக வலித்தது.

“இனிமே பந்தயத்துல ஓட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

“சத்தியம்.”

“ஒட்டாத கையால பண்ணாதீங்க. நல்ல கையால பண்ணுங்க.”

பண்ணினார். எலும்பு ஒட்டியது, கொஞ்சம் கோணலாக. ஆனால் மனசு ஒட்டவில்லை. தன் எஞ்சினைத் தானே ஓட்டி ஒரே ஒரு தரம் கோப்பை வாங்க வேண்டும், அதற்கப்புறம் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டே மீதி ஆயுசைக் கழித்துவிடலாம் என்று அது கிடந்து அடித்துக்கொண்டது. வருகிற பந்தயத்துக்குச் சென்னை நண்பர் மூலம் சத்தமில்லாமல் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். பழக வேண்டுமே, அதற்கு என்ன வழி?

“சுனந்தா, அந்தப் பந்தய வண்டிய தினம் ஓட்டலைன்னா எஞ்சின் ஜாம் ஆயிடும்.”

“ஆகட்டும்.”

“எஞ்சின் ஜாம் ஆனா தொழில் ஜாம் ஆயிடும்.”

சுனந்தா அரிசி களைந்துகொண்டே யோசித்தாள். “அப்ப ஓட்டுங்க. ஆனா சும்மா ஓட்டுனா பெட்ரோல் தண்டம். நம்மளுக்கு வர்ற பால்ல தண்ணி ஜாஸ்தி, பால் கம்மி. வேங்கிக்கால்ல நல்ல பால் கெடைக்குது. காலையில போய் வாங்கிட்டு வந்துடுங்க.”

ஜீவகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சிக்கு மனைவியே கேனைக் கையில் கொடுத்து வழியனுப்புகிறாள்! புத்திசாலி என்றால் தான்தான் புத்திசாலி என்று தோளைத் தட்டிக்கொண்டார். வலது தோளை.

ஊரின் நிலவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லம் இருக்கும் செங்கம் ரோடு மலைக்குத் தெற்கே. வேங்கிக்கால் ஊரைத் தாண்டி வடகிழக்கே. இல்லத்திலிருந்து கிழக்கே திரும்பி, ஊருக்குள் புகுந்து, வேங்கிக்காலுக்குப் போக வேண்டும். அதே வழியில் திரும்ப வேண்டும். ஜீவகுமார் போனதென்னவோ ஒழுங்காகத்தான் போனார். திரும்பும்போதுதான் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மூடும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மலைக்குப் பின்புறம் ஆளில்லாத ரோட்டில் புகுந்து, ஆதியண்ணாமலை வழியாக ஒரு பிடி பிடித்து மேற்கேயிருந்து இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். எத்தனை அருமையான வளைவுகள்! சுளுக்கு எடுத்தது போல உடம்பெல்லாம் குளிர்ந்தது.

கிழக்கே போய் மேற்கே வந்தால் மலை இடது கைப்பக்கம் இருக்கும். அதாவது மலையை இடமாகச் சுற்றுவதாக ஆகும். திருவண்ணாமலையில் பால்குடி மறக்காத பிள்ளைகூட அந்தக் காரியத்தைச் செய்யாது. ஜீவகுமார் நைனார் வீட்டுப் பிள்ளை, அதாவது தமிழ்ச் சமணர், அவர் கும்பிடப் போவது கிராமத்து ஜினாலயத்துக்கு. அவர் கணக்கில் மலை என்பது ஒரு வட்டம், எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரம் ஒன்று.

“என்னங்க,” என்றாள் சுனந்தா ஒரு நாள் கேனைத் திறந்து பார்த்து, “பால்ல வெண்ண மிதக்குது.”

“வேங்கிக்கால் பால் அவ்ளோ கெட்டி.”

“மாடே கடைஞ்சு குடுக்குதா?”

“நல்ல ஜாதி மாடு,” என்று சொல்லிவிட்டு அவர் ஷெட்டுக்கு நழுவினார். சுனந்தா வெண்ணெயை வழித்து ஜாடியில் போட்டுக்கொண்டாள்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. திட்டம் பழுதில்லாதது. ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் சுனந்தாவின் தம்பி சாந்திகுமார் சனிக்கிழமையே வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான், கண்காட்சியில் வைக்க என்று அக்காவிடம் சொல்லிவிட்டு. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜீவகுமார் டாக்ஸி பிடிப்பார், இல்லத்துக்குக் கட்டில் பார்க்க என்று மனைவியிடம் சொல்லிவிட்டு.

வியாழக்கிழமை சாயங்காலம், பொழுது சாய்வதற்கு முன்னால் ஜீவகுமார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நைனார் வீடுகளில் விளக்கு வைத்தபின் சாப்பாடு கிடையாது. ஜோதியம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சுனந்தா, இந்த ஊருக்குக் கேடுகாலம் வந்துடுச்சுமா. எவனோ ஒரு கடங்காரன், தலையில கொப்பரைய கவுத்துக்கிட்டு, விடியகாலம் மலைய இடமா சுத்துறானாம். அதுவும் மோட்டார் சைக்கிள்ல!”

ஜீவகுமார் தலை தூக்காமல் சாதத்தைப் பிசைந்தார்.

“யாருனு தெரியலியாமா?” என்றாள் சுனந்தா.

“மூஞ்சி தெரிஞ்சாதானே. அதான் நம்ம இல்லத்துல எல்லாருக்கும் மூட்டுவலி ஜாஸ்தியாயிடுச்சு. பரசுராமன் ராத்திரி பூரா முனகுறாரு. இடத்தையே காலி பண்ணிட்டு போயிடலாமானு பேசிக்கிறாங்க.”

ஹெல்மெட்டைக் கண்டுபிடித்த மகராசனை ஜீவகுமார் மனசுக்குள் கும்பிட்டார்.

“இதுக்கு என்ன பரிகாரம்?” என்றாள் சுனந்தா.

“இடமா சுத்துனத வலமா சுத்திக் கழிக்கணும். எங்களால நடக்க முடியுமா? எங்கள உக்கார வெச்சு யாராச்சும் சுத்திக் காட்டணும். வர்ற ஞாயித்துக்கெழம பௌர்ணமி.”

“அதுக்கென்ன, அவர் செஞ்ச ரதம் இருக்கே.”

ரதம் என்பது ஜீவகுமாரின் சொந்தப் படைப்பு. பழைய புல்லட்டின் இடப்பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலி, கால் நீட்டப் பலகை, மேலே குடை. தன்னைத் தவிர வேறு எவன் ஓட்டினாலும் அது பேச்சுக் கேட்காது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

“ஞாயித்துக்கெழம நான் கட்டில் பார்க்கப் போறேனே,” என்றார் அவர். “நைனார் வீட்டுக்காரன் நான், எனக்கும் கிரிவலத்துக்கும் என்ன?”

“நாம நைனாருதான். ஆனா இவங்கள்லாம் அண்ணாமலையார நம்பி வந்தவங்க. பெரியவங்க மனச நோகடிக்கறதும் ஹிம்சைதான்னு ஜினாலயத்துல பண்டிதர் சொன்னப்ப, மொத வரிசையில உக்காந்து தலையாட்டுனது யாரு?”

அகிம்சை என்று வந்த பிறகு ஒரு நைனார் என்ன பேசுவார்? ரசத்தை ஊற்றச் சொன்னார்.

ஆனால் இன்ஜினியர் மூளை சும்மா இருக்குமா? கை கழுவுவதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர். நடக்க முடியாதவர்கள் மூன்று பேர். அவர் கைக்கு ஒரு சுற்று இருபது நிமிஷம். விடியலில் தொடங்கினால் பத்து மணி டாக்ஸிக்குத் தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக ஜோதியம்மாள் குங்குமமும் கற்பூரமுமாக ஏறி உட்கார்ந்தார். ஜீவகுமார் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

“எங்கப்பா பறக்கறே? இது கிரிவலம்.”

“சரிங்கம்மா.”

“நிறுத்து, லிங்கம் வந்துடுச்சு. கற்பூரம் ஏத்தணும்.”

எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். எட்டிலும் ஜோதியம்மாள் இறங்கினார், கும்பிட்டார், தன்னிடம் படித்தவர்கள் யாரையாவது பார்த்து, “என்னடா, இன்னும் வாய்ப்பாடு ஞாபகம் இருக்கா?” என்று விசாரித்தார். அது போதாதென்று ரதத்தில் ஒரு கோளாறு வெளிப்பட்டது. நாற்காலி இடப்பக்கம். வலமாகச் சுற்றினால் மலை வலப்பக்கம். நடுவில் ஜீவகுமார்.

“தம்பி, நீ மறைக்கிறே. கொஞ்சம் குனிஞ்சுக்கோ. மல தெரியல.”

குனிந்தார். டேங்க்கின் மேல் முகவாய் படுகிற மாதிரி, பந்தயக்காரர்கள் குனிகிற அதே குனிதல். ரோட்டில் வந்த மாட்டுவண்டி மணியடித்துக்கொண்டு அவரை முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

முதல் சுற்று முடியும்போதே மணி ஒன்பது. அடுத்தவர் வாசலில் செருப்போடு நின்றார். பத்து மணிக்கு வந்த டாக்ஸியைச் சுனந்தா மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். பந்தயம் தொடங்கிய மூன்று மணிக்கு ஜீவகுமார் குபேர லிங்கத்தின் முன்னால் பரசுராமனின் துண்டையும் தடியையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. “எங்களுக்காக எவ்ளோ உருகுறான் பாரு இந்தப் புள்ள,” என்றார் பரசுராமன்.

திரும்பி வந்து, சூரியன் இறங்குவதற்குள் நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டார். சென்னையில் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை நினைத்து நினைத்துப் புரண்டார்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. சாந்திகுமார் குதித்தான். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை.

“மாமா! ஃபர்ஸ்ட்!”

“யாருடா ஓட்டுனது?”

“நான்தான் மாமா. போன மாசமே அக்கா சென்னைக்கு ட்ரங்க் கால் போட்டு உங்க பேர எடுத்துட்டு என் பேரக் குடுத்துட்டாங்க. நீங்க பால் வாங்கிட்டு வந்து குளிக்கப் போவீங்க இல்ல, அப்ப வண்டிய எடுத்து நானும் மலைய சுத்திப் பழகுனேன்.”

“எந்தப் பக்கமா?”

“வலமாத்தான். நீங்க இடமா சுத்துன கணக்கெல்லாம் அன்னன்னைக்கே கழிஞ்சுடுச்சு மாமா.”

ஜீவகுமார் மெதுவாகத் திரும்பி ஜோதியம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் தினமும் விடியலில் ரோட்டைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஜோதியம்மாளோ ஒன்றும் அறியாதவர் போல மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“உன் தம்பிக்கு மட்டும் எலும்பு இல்லியா?” என்று ஜீவகுமார் சுனந்தாவிடம் பாய்ந்தார்.

“அவனுக்கு இருபத்தாறு வயசு. உடைஞ்சா நேரா ஒட்டும்.” அவள் குரல் இறங்கியது. “நீங்க அப்படிக் கெடந்தத இன்னொரு தரம் என்னால பார்க்க முடியாதுங்க. நீங்க சத்தியத்த மீறக்கூடாது. அதான் மீற விடல.”

கோபப்படலாமா என்று யோசித்தார். அதற்குள் சாந்திகுமார், “மாமா, நேர் ரோட்டுல ஒரு வண்டிகூட பக்கத்துல வரல. இந்த எஞ்சின யாரு செஞ்சதுனு எல்லாரும் வந்து வந்து கேட்டாங்க. உங்க கார்டெல்லாம் தீந்துபோச்சு,” என்றான். கோபம் போன இடம் தெரியவில்லை. கோப்பையை வாங்கினார். கனமாக இருந்தது. அதன் வெள்ளியில் அவர் முகம் தெரிந்தது, கொஞ்சம் கோணலாக. பின்னால் பரசுராமன் துண்டைச் சுழற்றி, “நம்ம இல்லம் ஜெயிச்சுடுச்சு!” என்று கத்தினார். மூட்டுவலிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தன் எஞ்சின், தன் இல்லம், தன் வீட்டு மூளை! அந்த மூளை தன் தலையில் இல்லாவிட்டால் என்ன, தன் வீட்டில்தானே இருக்கிறது என்று ஜீவகுமார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

சுனந்தா கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, பால் கேனோடு திரும்ப அவர் கையில் கொடுத்தாள்.

“இன்னிக்கு இதுலயும் ஒரு படி சேத்து வாங்கிக்குங்க, எல்லாருக்கும் பாயசம் வைக்கணும். வேங்கிக்காலுக்குப் போற வழியாவே திரும்பி வாங்க, எனக்கு இன்னிக்குப் பாலுதான் வேணும், வெண்ண வேணாம்.”